கடனுக்காகப் பிடித்த படம்

இரவுச் சாப்பாடு முடிந்து, அடுக்களை ஒழித்து, விளக்குகளில் பாதியை அணைத்த பிறகு, பாட்டி முதல் பள்ளிக்கூடம் போகும் பேரன் வரை வீட்டார் அனைவரும் பாயிலும் சோபாவிலுமாக நெருங்கி உட்கார்ந்துகொண்டு, முன்பின் அறியாத மனிதர் சிலர் பனியிலோ கடலிலோ குகையிலோ அகப்பட்டு மீண்ட உண்மைக் கதையை மூச்சுவிட மறந்து பார்ப்பது இன்று அநேகம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. கதையின் முடிவு பெரும்பாலும் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும். பிழைத்து வந்தவர் சொல்லித்தானே உலகம் அதை அறிந்தது! ஆயினும் அடுத்த அலை வருவதற்குள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வதில் குறைவில்லை. இந்த வழக்கத்துக்கும் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. அதைத் தேடிப் போகிறவன் எதிர்பார்ப்பது வீர சாகசம். வழியில் முதலில் எதிர்ப்படுவதோ கடன்காரர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்துருவப் பிரதேசத்துக்குக் கப்பல் செலுத்த விரும்பிய ஆங்கிலேயர், அரசாங்கத்தின் கொடையை மட்டும் நம்பியிருக்க முடியாமல், ஆலை முதலாளிகளிடமும் சீமாட்டிகளிடமும் பத்திரிகை அதிபர்களிடமும் படியேறி நிதி திரட்டினார்கள். திரும்பி வந்தபின் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தும் புத்தகம் எழுதியும் அந்தச் செலவை அடைத்தார்கள். பிரசங்க மேடையில் கண்ணாடிப் படங்களை விளக்கொளியால் திரையில் வீழ்த்திக் காட்டுவது முன்பே இருந்த ஏற்பாடு. அசையும் படம் வந்தபோது, அதுவும் இந்தக் கணக்கில் வரவுப் பக்கத்தில் சேர்ந்துகொண்டது.

1910-ல் காப்டன் ஸ்காட்டுடன் புறப்பட்ட ஹெர்பர்ட் பாண்டிங் என்ற புகைப்படக் கலைஞர் அங்கே சலனப் படமும் பிடித்தார். துருவத்தை நோக்கி நடக்கும் கோஷ்டியில் அவருக்கு இடமில்லை. ஆகவே, அவர்கள் போகுமிடத்தில் என்ன செய்வார்கள் என்பதை முன்கூட்டியே தமக்கு நடித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். ஸ்காட், டாக்டர் வில்சன், பவர்ஸ், எட்கர் எவான்ஸ் ஆகிய நால்வரும் சறுக்குவண்டியை இழுத்து, கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி உணவு சமைத்து, உறங்கும் பைக்குள் நுழைந்து, காமிராவின் எதிரே ஒரு நாள் முடிவதைப் போல் செய்து காட்டினார்கள். பாண்டிங் 1912-ல் ஊர் திரும்பிவிட்டார். படத்தில் நடித்த அந்த நால்வரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்தச் செய்தி 1913 பிப்ரவரியில்தான் உலகத்துக்கு எட்டிற்று. மறு ஆண்டு லண்டன் பில்ஹார்மானிக் மண்டபத்தில் பாண்டிங் தம் படத்தைத் திரையிட்டுப் பக்கத்தில் நின்று பிரசங்கம் செய்தபோது, வேடிக்கையாகப் பிடித்த கூடாரக் காட்சியே அந்தக் கதையின் துக்க உச்சமாக மாறியிருந்தது. ஜனங்களைச் சிரிக்க வைத்தவை பெங்குவின்கள். அந்தப் பறவைகளின் தத்து நடையைக் காணக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வரலாம். ஸ்காட்டின் மரணத்தை மட்டும் காட்டுவதானால் எத்தனை பேர் அழைத்து வந்திருப்பார்கள் என்பது சந்தேகமே.

அதே 1914-ல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன், தென்துருவக் கண்டத்தை ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை குறுக்கே கடந்துவிடுவது என்ற பெருந் திட்டத்தோடு பணத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். அரசாங்கம் 10,000 பவுன் கொடுத்தது. ஸ்காட்லாந்துச் சணல் ஆலை அதிபர் ஜேம்ஸ் கேர்ட் 24,000 பவுன் கொடுத்தார். டட்லி டாக்கர் என்ற தொழிலதிபரும் ஜேனட் ஸ்டான்கோம்ப்-வில்ஸ் என்ற சீமாட்டியும் உதவினார்கள். கொடுத்தவர்களை மறவாத ஷாக்கிள்டன் கப்பலின் மூன்று படகுகளுக்கும் அம்மூவரின் பெயரையே சூட்டினார். பின்னால் மனிதர் பிழைத்தது அந்தப் படகுகளால்தான். இத்தனைக்கும் மேலாக, இன்னும் எடுக்கப்படாத ஒரு சலனப் படத்தின் உரிமையை முன்னதாகவே விற்று மூலதனம் சேர்ப்பதற்கென ஒரு படக் கம்பெனியும் உண்டாயிற்று. அதற்குத் தகுந்த ஆள் வேண்டுமல்லவா? ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தவரான பிராங்க் ஹர்லி, டக்ளஸ் மாசனின் துருவ யாத்திரையில் பிடித்து வந்த படத்தின் கீர்த்தி அவருக்கு இந்த வேலையைத் தேடித் தந்தது. அந்த யாத்திரையிலும் ஒரு விசித்திரம் உண்டு. தோழர் இருவரையும் பறிகொடுத்துவிட்டு மாசன் தனியாகத் தவழ்ந்து திரும்பியதற்கு இணையான கதை துருவச் சரித்திரத்தில் அபூர்வம். ஆனால் அப்போது ஹர்லியும் அவருடைய காமிராவும் வேறு திசையில் போன கோஷ்டியில் இருந்தார்கள்.

ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் 1914 டிசம்பர் 5-ஆம் தேதி தென் ஜார்ஜியாத் தீவை விட்டுக் கிளம்பி, மறு மாதமே வெட்டல் கடலின் பனிப்பாளங்களுக்கிடையே சிக்கி அசைவற்று நின்றது. கரையைக்கூட மிதிக்க முடியாமல் போன அந்த யாத்திரையில், போன காரியத்தைக் குறைவின்றிச் செய்தவர் ஹர்லி ஒருவரே என்று சொல்லலாம். பாய்மரத்தின் உச்சியில் ஏறி, கப்பலின் மூக்கு பனியைப் பிளப்பதைப் பிடித்தார். குளிர்காலத்து நீண்ட இருளில், கப்பலைச் சுற்றிலும் இருபது இடங்களில் வெடிமருந்து விளக்குகளைக் கொளுத்தி, உறைந்த கயிறுகளோடு பேய்போல் நிற்கும் எண்டூரன்ஸைப் புகைப்படமாக்கினார். 1915 அக்டோபர் 27-ஆம் தேதி கப்பலைக் கைவிட்டு 28 பேரும் பனிமேல் இறங்கிய பிறகும், அது நொறுங்கிக்கொண்டிருந்த நாட்களில் காமிராவை அதன்மேல் குறிவைத்துக் காத்திருந்து, பாய்மரம் முறிந்து விழும் கணத்தைச் சுருளில் அகப்படுத்திவிட்டார். வீடு எரியும்போது வாசலில் நின்று படம் பிடிக்கும் மனிதனை நாம் எப்படி மதிப்பிடுவோமோ தெரியாது. ஆனால் அந்தச் சுருள் இல்லாவிட்டால், பிழைத்து வந்தவர்கள் கடன்காரர்களிடம் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருந்திராது.

கண்ணாடித் தகடுகளும் பிலிம் சுருள்களும் கப்பலுக்குள்ளேயே தங்கிவிட்டன. ஒரு வாரம் கழித்து ஹர்லி சிதைந்த கப்பலுக்குத் திரும்பிப் போய், தடித்த மரச்சுவரைக் கோடரியால் பிளந்து, இடுப்புக்கு மேல் ஆடையின்றிக் கூழ்ப்பனி கலந்த நீரில் முழுகி, ஈயம் வைத்து அடைத்திருந்த பெட்டிகளைத் தூக்கி வந்தார். பெட்டிகள் நீர் புகாமல் இருந்தன. எனினும் படகில் எல்லாவற்றுக்கும் இடம் ஏது? ஹர்லியும் ஷாக்கிள்டனும் பனிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு தகடாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 120-ஐ வைத்துக்கொண்டு, 400 போல் கழித்தார்கள். பிறகு மனம் மாறிவிடக் கூடாதே என்று, கழித்தவற்றை அங்கேயே உடைத்துப் போட்டார்கள். சலனப் படச் சுருள்கள் தப்பின. சலனப் படக் காமிரா போயிற்று. ஹர்லியிடம் மிஞ்சியது சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கோடாக் காமிராவும் மூன்று சுருள் பிலிமும்.

அதன் பிறகு நடந்ததுதான், இன்று நாம் கதை என்று சொல்வது. மாதக்கணக்கில் மிதக்கும் பனிப்பாளத்தின்மேல் கூடாரத்தில் வாழ்ந்து, 1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் எலிபெண்ட் தீவின் பாறைக் கரையை அடைந்தார்கள். அங்கிருந்து ஷாக்கிள்டனும் ஐவரும் ஜேம்ஸ் கேர்ட் என்ற படகில் ஏறக்குறைய 800 கடல் மைல் கடந்து தென் ஜார்ஜியாவை அடைந்தார்கள்; அவர்களில் மூவர் அதன் மலைகளை 36 மணி நேரம் நடந்து தாண்டித் திமிங்கில வேட்டைக்காரர்களின் குடியிருப்பில் போய் நின்றார்கள். மூன்று முறை முயன்றும் பனி தடுக்க, நான்காம் முறை சிலி நாட்டின் யெல்கோ என்ற சிறு கப்பலில், ஆகஸ்டு 30-ஆம் தேதி, தீவில் இருந்த 22 பேரையும் மீட்டார்கள். இவற்றுள் எந்த நிகழ்ச்சியும் சலனப் படத்தில் இல்லை; இருக்கவும் முடியாது.

லண்டனில் சுருள்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறை உறுத்தியது. கதையின் பாதியைக் காணோம். அதைவிட வியாபார முறையில் பெரிய குறை, மிருகங்களும் பறவைகளும் போதவில்லை. பாண்டிங்கின் பெங்குவின்களுக்குக் கிடைத்த வரவேற்பை மறந்தவர் யாருமில்லை. ஆகவே 1917-ன் தொடக்க மாதங்களில், தீவிலிருந்து மீண்டு ஓராண்டுகூட ஆகாத ஹர்லி, மறுபடியும் தென் ஜார்ஜியாவுக்குப் பயணமாகி, பெங்குவின்களையும் கடல்யானைகளையும் கடற்பறவைகளையும் பிடித்து வந்தார். எலிபெண்ட் தீவில் கவிழ்த்த படகுகளின் கீழே நாலரை மாதம் கிடந்த காலத்தில், அவரும் தோழர்களும் பெங்குவினைத் தின்று, பெங்குவின் தோலையே விறகாகவும் எரித்து ஜீவனம் செய்தவர்கள்! அதே பறவையைக் குழந்தைகளின் சிரிப்புக்காகப் பொறுமையாகப் படம் பிடித்த அந்த மனிதரின் மனநிலையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.

‘சவுத்’ என்ற பெயரோடு 1919-ல் வெளிவந்து, 1998-ல் பிரிட்டிஷ் திரைப்படக் காப்பகத்தாரால் செப்பனிடப்பட்ட அந்த மௌனப் படத்தைச் சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தோம். கப்பல் நொறுங்கும் காட்சியில் பெரியவர்கள் அசையவில்லை. படகுப் பிரயாணம் சில அட்டை வாசகங்களிலும் நிலைப்படங்களிலும் நகர்ந்தபோது, “அவ்வளவுதானா?” என்றாள் என் மனைவி. பிறகு பெங்குவின்கள் வந்தன, வீடு கலகலத்தது. என் தம்பி மகள் மாத்திரம் அவற்றைக் கவனிக்காமல், “பெரியப்பா, அந்த நாய்க்குட்டிகள் எந்தப் படகில் வந்தன?” என்று கேட்டாள்.

படத்தின் முற்பகுதி முழுவதும் நாய்களே. எழுபதுக்குச் சற்றுக் குறைவான வண்டி நாய்களும் கப்பலில் பிறந்த குட்டிகளும் பனியில் ஓடுகின்றன, நக்குகின்றன, சண்டையிடுகின்றன. கப்பலை விட்டவுடன் குட்டிகளையும் தச்சர் மக்நீஷின் பூனையையும் சுட்டுவிட்டார்கள். தீனி குறையக் குறைய மற்ற நாய்களையும் கோஷ்டி கோஷ்டியாகச் சுட்டார்கள். கடைசியில் சுட்டவற்றின் இறைச்சியை உண்டார்கள். படம் இதைக் காட்டவில்லை. குழந்தைக்கு என்ன பதில் சொல்வதென்று நாங்கள் விழித்த அந்தச் சங்கடத்தை, 1919-ல் படத்தைத் தொகுத்தவர்களும் உணர்ந்திருக்க வேண்டும். குடும்பத்தோடு பார்ப்பதற்கு எது ஏற்றது என்று தீர்மானிப்பது, இந்தத் தொழிலின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அதற்காக எனக்குக் கிடைத்த கண்டனங்களை இங்கே விவரிப்பதற்கில்லை.

உலக யுத்தம் ஓயும்வரை இந்தக் கதையைக் கேட்க எவருக்கும் அவகாசம் இல்லை. ஜேம்ஸ் கேர்ட் படகில் துடுப்புப் பிடித்த மக்கார்த்தி, ஊர் திரும்பிய சில மாதங்களில், 1917-லேயே யுத்தக் கடலில் மாண்டார். 1919 டிசம்பரில், பாண்டிங் நின்ற அதே பில்ஹார்மானிக் மண்டபத்தில், ஷாக்கிள்டன் தினம் இரண்டு வேளை திரைக்குப் பக்கத்தில் நின்று பேசத் தொடங்கினார். மறு ஆண்டு மே மாதம்வரை இது நடந்தது. தம் கப்பல் சாவதை ஒரு நாளில் இரண்டு முறை பார்த்து, அதற்கு வியாக்கியானமும் சொல்வது அவருக்கு உவப்பாக இருக்கவில்லை. அவருடைய புத்தகத்தின் வருமானமோ, உதவி செய்து மறைந்த ஒரு தனவந்தரின் வாரிசுகளுக்குப் போயிற்று.

ஒருவரையும் பறிகொடாமல் மீட்டார் என்ற பெருமை வெட்டல் கடல் கோஷ்டிக்கு மட்டுமே பொருந்தும். கண்டத்தின் மறு கரையில் அவருக்காக உணவு மூட்டைகளைப் பனியில் வைத்துச் சென்ற ராஸ் கடல் கோஷ்டியில் மூவர் இறந்தார்கள். அவர் அந்த வழியாக வரவே இல்லை. அங்கே ஹர்லி இல்லாததால் அந்த மரணங்களுக்குக் கீர்த்தியும் குறைவு.

ஹர்லியை முழு உத்தமராக்கிவிடவும் எனக்கு மனமில்லை. ஜேம்ஸ் கேர்ட் புறப்பட்டபோது கரையிலிருந்து கையசைத்து வழியனுப்பியதை எடுத்த படமே, பின்னால் தகட்டைச் சுரண்டித் திருத்தி, மீட்புக் கப்பலை வரவேற்கும் காட்சியாக உலவியது. யுத்த முனையில் ஆஸ்திரேலியப் படையின் புகைப்படக்காரராக இருந்தபோது, பல தகடுகளை ஒன்றாக ஒட்டி ஒரே போர்க்களமாக்கினார். போர்ச் சரித்திர ஆசிரியரான சார்ல்ஸ் பீன் அதைப் போலி என்று கடுமையாக ஆட்சேபித்தார். உண்மையை உள்ளபடி காட்ட ஒரு தகடு போதாது என்பது ஹர்லியின் கட்சி.

2022 மார்ச்சில் எண்டூரன்ஸின் உடல் 3,008 மீட்டர் ஆழத்தில், பின்புறத்துப் பெயரெழுத்துகள் அழியாமல், கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பற்றி 2024-ல் வெளிவந்த படத்தில், ஹர்லியின் சுருள்களுக்கு வர்ணம் தீட்டி, அவர் பிடிக்க முடியாமற்போன சம்பவங்களை நடிகர்களைக் கொண்டு நடத்தி, மாலுமிகளின் நாட்குறிப்புகளை, கணிப்பொறி கொண்டு உண்டாக்கிய அவரவர் குரலிலேயே வாசிக்கச் செய்திருக்கிறார்கள். பீன் இருந்திருந்தால் கண்டித்து ஒரு கடிதம் எழுதியிருப்பார். ஹர்லி, அந்தக் கருவி என்ன விலை என்றுதான் விசாரித்திருப்பார்.