மடங்கிய விரல்கள்: வன்னிச் சிறாரின் முன்கை ஊனமும் தமிழ் மருத்துவ உரைநடையின் இடைமுறிவும்

வன்னிப் பெருநிலத்திலே, பாலை மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே என்பு முறிந்த ஆறு வயதுக் குழந்தையின் கைக்கு இருவேறு கதிகள் உள. சில வாரங்களில் என்பு பொருந்தி அக்குழந்தை மீண்டும் மரமேறலாம். அன்றேல், என்பு பொருந்தியும், முன்கைத் தசைகள் இரத்தவோட்டமிழந்து மடிந்து நாராகச் சுருங்கி, விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிவிடலாம். மணிக்கட்டை மடக்கினால் மட்டுமே அவ்விரல்கள் நிமிரும்; மணிக்கட்டை நிமிர்த்தினால் மீண்டும் மடங்கும். பென்சிலோ மண்வெட்டியோ அக்கைக்கு வசப்படாது. வளரும் பருவமாதலின் கை குட்டையாகிவிடுவதுமுண்டு. இவ்வூனம் பிறவியில் வருவதன்று, ஆக்கப்படுவது. அதனை ஆக்குவதில் மருத்துவத்திற்குப் புறம்பான காரணிகளுக்கும் பங்குண்டு என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

இதனைத் தெளிவுற விளக்கியவர் ஜேர்மனியின் ஹல்லே நகர அறுவை மருத்துவர் றிச்சாட் வொன் வொல்க்மன் (1830–1889). (1870–71 பாரிஸ் முற்றுகையின்போது ஜேர்மனியப் படையுடனிருந்து, வேறொரு பெயரிற் சிறுவர் கதைகள் எழுதியவரும் இவரே. முற்றுகை நீங்கிய சில வாரங்களில் அதே நகரிற் கொம்யூன் எழுந்தது. அவர் கதைகளில் அதன் நிழலைத் தேடுவது வீண்.) நரம்பு வாதமென அதுவரை எண்ணப்பட்டதனை, மிக இறுகிய கட்டினால் தசை இரத்தமிழந்து மடிவதன் விளைவென 1881இல் அவர் விளக்கினார். அவர் சுட்டிய கட்டுகள் ஐரோப்பிய மருத்துவத்தின் கட்டுகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டும் நம் முறிவு வைத்தியரை மட்டுமே குற்றவாளியாக்கும் படித்தோர் இதனை மறந்துவிடுகின்றனர். கட்டு எதுவுமின்றியே, உள்வீக்கத்தின் அழுத்தத்தாலும் குருதிக்குழாய்ச் சேதத்தாலும் இந்நிலை தோன்றலாமென்பது பின்னர் தெளிவாயிற்று.

இவ்வறிவு தமிழுக்கு வந்திருக்க வேண்டிய வழி ஒன்று முன்னரே திறக்கப்பட்டிருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) மானிப்பாயிலே தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். றொபேட் துறூயிற்றின் அறுவைமருத்துவ நூல் ‘இரண வைத்தியம்’ என 1867இல் தமிழாயிற்று. கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இல் வந்தது. உரைநடை வரலாற்றை நாவலாகவும் கட்டுரையாகவுமே நோக்கிப் பழகிய நம் இலக்கிய வரலாறுகள் இவற்றை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகின்றன. எலும்பையும் தசைநாணையும் ஐயமின்றிச் சுட்டவேண்டியிருந்த அவ்வுரைநடைக்கு அலங்காரம் ஒரு சுமை. நவீன தமிழ் உரைநடையின் தோற்றுவாய்களுள் ஒன்றை இங்கும் தேடவேண்டும்.

ஆயின் 1870இல் கொழும்பிலே தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் போதித்தது. அரச உத்தியோகமும் ஆங்கிலத்தையே வேண்டிநின்றது. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். 1880களில் ஓரிரு நூல்கள் வந்தபின் அவ்வோட்டம் வற்றியது. வொல்க்மனின் விளக்கம் அச்சேறிய காலம் ஏறத்தாழ இதுவே. குடியேற்றவாத அரசு உருவாக்கிய ஆங்கிலங் கற்ற மத்தியதர வர்க்கம் அவ்வறிவைத் தனதாக்கிக்கொண்டது. உழவனின் பிள்ளைக்குச் சிம்பு கட்டியவரை அது எட்டவில்லை. அவரிடம் தலைமுறை தலைமுறையான கைத்திறன் இருந்தது. இறுகிய கட்டின் கேட்டை விளக்கும் தமிழ் நூல் இருக்கவில்லை.

இரத்தமிழந்த தசை ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் மீளாச் சேதமடையும். அதற்குள் கட்டை அவிழ்த்து, வேண்டின் தசையுறையைப் பிளந்து அழுத்தத்தை நீக்கவேண்டும். ஆறு மணி நேரமென்பது வன்னியில் ஓர் அரசியற் பொருளாதார அளவை. 1984 வரை கிளிநொச்சி தனி மாவட்டமாகவும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் பகுதியாகவே இருந்தது. 1990களின் முற்பகுதியிலே, பாதை மூடப்பட்டிருக்க, யாழ்ப்பாணம் செல்வோர் கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்தனர். காலையில் விழுந்த குழந்தையும் இருள்வரை காத்திருக்கவேண்டும். பின்னாளில் வவுனியாவுக்குச் செல்ல அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. 2002இல் திறந்த ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இன் முதல் மாதங்களில் வன்னி மருத்துவமனைகள் எறிகணைக்கு இலக்கானதையும், மயக்கமருந்துத் தட்டுப்பாட்டிடையே உறுப்புகள் அகற்றப்பட்டதையும் 2011இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு அறிக்கை கூறுகின்றது. ஒரு விரலை நிமிர்த்துவது பற்றி எண்ண அங்கு இடமேது?

மடங்கிவிட்ட கைக்கும் சிகிச்சையுண்டு. முன்கைத் தசைகளின் தொடக்கத்தை என்பிலிருந்து விடுவித்துக் கீழ்நோக்கி நகர்த்தும் முறையை மாக்ஸ் பேஜ் 1923இல் விவரித்தார். தசை முற்றாக மடிந்தவிடத்து, மார்புத் தசையின் பகுதியை அதன் குருதிக்குழாயுடனும் நரம்புடனும் முன்கையிற் பொருத்தும் சிகிச்சையைச் சாங்காய் ஆறாவது மக்கள் மருத்துவமனை 1973இல் நிகழ்த்தியது. எனினும் இவை கத்தியுடன் முடிவனவல்ல. சிம்பும் பயிற்சியும் மாதக்கணக்கில் தொடரவேண்டும். தாயொருத்தி அத்தனை நாளும் கூலியிழந்து குழந்தையுடன் நகருக்குச் சென்றுவரவேண்டும்.

தடுக்கும் அறிவோ மிகச் சிறிது. கட்டிய கையின் விரல்களை மெல்ல நிமிர்த்தும்போது குழந்தை வலியால் வீறிட்டால், விரல்கள் வெளிறிக் குளிர்ந்தால், அக்கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு விரையவேண்டும். ‘இரண வைத்தியம்’ புதுக்கப்பட்டு வந்திருப்பின், இவ்விரண்டு வரிகளும் அதன் அடுத்த பதிப்பில் இடம்பெற்றிருக்கும்.