படை அகாதெமி நுழைவுக்குப் பள்ளிப்பருவ ஆயத்தம் (நெய்வேலி)

முப்படைகளில் அதிகாரியாகப் பயிற்சி பெற விரும்பும் மாணவர், பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே படிப்பிலும் உடலிலும் மொழியிலும் தம்மைத் தயார்செய்துகொள்வதே பள்ளிப்பருவ ஆயத்தம் எனப்படும். இந்தியாவில் இது மாணவரின் சொந்த முயற்சியாகவும், இதற்கென்றே அமைந்த உறைவிடப் பள்ளிகள் வழியாகவும் நடைபெறுகிறது. கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியத்துப் பெற்றோர் பலருக்கு என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாதெமி) என்ற பெயர் பழக்கமானது. அதற்குக் கீழே பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் திறந்து மூடும் வாயில்கள் இருப்பது அந்த அளவுக்குத் தெரிந்த செய்தி அன்று. இக்கட்டுரை அவற்றின் தோற்றத்தையும் வகைகளையும் கூறுகிறது.

வரலாறு

முதல் உலகப் போர் வரை இந்தியப் படையில் இந்தியர் எட்டக்கூடிய உயரம் வைசிராயின் ஆணை பெற்ற ஜமேதார், சுபேதார் பதவிகளோடு நின்றது. முப்பது ஆண்டு களம் கண்ட சுபேதாரும் நேற்று கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேய இளைஞருக்குக் கீழ்ப்பட்டவரே. கர்சன் பிரபு 1901இல் தொடங்கிய இம்பீரியல் கேடட் கோர் என்ற அமைப்பு சமஸ்தான இளவரசர்களுக்கும் பெருநிலக்கிழார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆனது. அதில் தேறியவர்களுக்குக்கூட ஆங்கிலேய வீரர்கள் மீது ஆணையிடும் உரிமை தரப்படவில்லை.

1918 முதல் இங்கிலாந்தின் சான்ட்ஹர்ஸ்ட் அகாதெமியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் இந்தியருக்கு ஒதுக்கப்பட்டன. சென்றவர்களில் தேறாமல் திரும்பியவர் கணிசம். இதற்கு இந்தியரின் தகுதிக்குறைவைக் காரணம் காட்டியவர்கள் உண்டு. ஆனால் குறை ஆயத்தத்தில்தான் இருந்தது. ஆங்கிலேய மாணவர் எட்டு வயதிலேயே உறைவிடப் பள்ளிக்குச் சென்று, விளையாட்டு மைதானத்திலும் உணவுக்கூடத்திலும் அந்தப் பழக்கவழக்கங்களில் ஊறி வந்தவர். இந்திய மாணவருக்கோ எல்லாம் கப்பல் ஏறிய பிறகுதான் தொடங்கின.

இதை உணர்ந்து மத்திய சட்டமன்றத்தில் வாதாடியவர் ஒரு தமிழர். தஞ்சை மாவட்டத்தில் 1864இல் பிறந்து, சென்னை மாகாண அட்வகேட் ஜெனரலாகவும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய பி. எஸ். சிவசாமி ஐயர் அவர். இந்தியப் படையின் வருங்காலம் குறித்த எஷர் குழு அறிக்கை வெளிவந்தபோது, அதன் மீது 1921 மார்ச்சில் அவர் வரிசையாகப் பல தீர்மானங்களை முன்வைத்தார். அரசரின் ஆணை பெறும் அதிகாரிப் பதவிகளில் கால் பங்கேனும் ஆண்டுதோறும் இந்தியருக்குத் தரப்பட வேண்டும். சான்ட்ஹர்ஸ்ட் போன்றதொரு கல்லூரி இந்திய மண்ணிலேயே எழ வேண்டும். அதற்கு முன்படியாகச் சிறுவர்களைத் தயாரிக்கும் ஏற்பாடு வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. துப்பாக்கி பிடித்தறியாத ஒரு வழக்கறிஞர், படை அதிகாரியை உருவாக்கும் வேலை பள்ளியில் தொடங்க வேண்டும் என்று கண்டுகொண்டது வியப்புக்குரியது. இன்று அவர் பெயரைக் கல்விக்கூடங்களோடு சேர்த்து நினைக்கும் தமிழகம், படைத்துறையோடு சேர்த்து நினைப்பதில்லை.

மறு ஆண்டே, 1922 மார்ச் 13 அன்று, டேராடூனில் பழைய கேடட் கோர் வளாகத்தில் வேல்ஸ் இளவரசர் பெயரால் இராணுவக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. பின்னாளில் எட்டாம் எட்வர்டு மன்னரான அந்த இளவரசரே வந்து திறந்துவைத்தார். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது பதினொன்று, பன்னிரண்டு வயதில் சேரும் சிறுவர்களுக்கான உறைவிடப் பள்ளி. விடுதலைக்குப் பின் ராஷ்ட்ரிய இந்தியன் மிலிட்டரி காலேஜ் என்று பெயர் மாறி, ஆர்.ஐ.எம்.சி. என்ற சுருக்கப் பெயரில் இன்றும் இயங்குகிறது. படைத் தலைமைத் தளபதியான திம்மையா இங்கு பயின்றவர். 2000 முதல் 2002 வரை அதே பதவியில் இருந்த தமிழர் எஸ். பத்மநாபனும் இதன் மாணவரே.

இந்தியரை அதிகாரிகளாக்குவது குறித்து ஆராய்ந்த ஸ்கீன் குழு 1926இல் இந்தியாவுக்கெனத் தனி அகாதெமி வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஜின்னா அக்குழுவில் உறுப்பினர். மோதிலால் நேரு உறுப்பினராக இருந்து இடையில் விலகினார். 1932இல் டேராடூனில் இந்திய இராணுவ அகாதெமி 40 பேருடன் தொடங்கியது. பிற்காலத்தில் பீல்டு மார்ஷல் ஆன சாம் மானெக்ஷா அந்த முதல் அணியைச் சேர்ந்தவர். அதே காலத்தில் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த பி. பி. குமாரமங்கலம் ஈட்டன் பள்ளியிலும் வுல்விச் அகாதெமியிலும் பயின்று 1933இல் அதிகாரியானார். 1966இல் தரைப்படைத் தலைமைத் தளபதி பதவியை ஏற்றார். இங்கிலாந்தில் படிக்க வைக்க வசதியிருந்த குடும்பத்துக்கே அந்த வழி திறந்திருந்தது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

இரண்டாம் உலகப் போரில் அதிகாரிகளின் தேவை பெருகியபோது, குடும்பப் பெயரையும் நேர்காணலையும் மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்கும் முறை போதவில்லை. பிரிட்டன் 1942இல் உளவியல் சோதனைகளைக் கொண்ட தேர்வு வாரியங்களை அமைத்தது. இந்தியா 1943இல் அம்முறையை மேற்கொண்டது. இன்றைய எஸ்.எஸ்.பி. (படைப்பணித் தேர்வு வாரியம்) தேர்வின் தொடக்கம் இதுவே.

1949 ஜனவரியில் முப்படைகளுக்கும் பொதுவான பயிற்சி டேராடூனில் தொடங்கியது. புனே அருகே கடக்வாஸ்லாவில் கட்டடங்கள் எழுந்த பின், அங்கு இடம் மாறி 1955 ஜனவரி 16 அன்று தேசியப் பாதுகாப்பு அகாதெமியாக, அதாவது என்.டி.ஏ.வாக, முறைப்படி திறக்கப்பட்டது. ஆப்பிரிக்கப் போர்முனையில் இந்தியப் படையினர் செய்த பணிக்கு நன்றியாக சூடான் அரசு அளித்த ஒரு இலட்சம் பவுண்டில், பிரிவினைக்குப் பின் இந்தியாவின் பங்காகக் கிடைத்த 70,000 பவுண்டு இதற்குப் பயன்பட்டது. தலைமைக் கட்டடம் சூடான் பிளாக் என்று அழைக்கப்படுவது அதனால்தான்.

என்.டி.ஏ.வுக்கு மாணவர்களை அனுப்பப் பழைய ஆர்.ஐ.எம்.சி. ஒன்று போதவில்லை. பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் முன்னின்று தொடங்கிய சைனிக் பள்ளிகள் அந்தக் குறையை நிரப்ப வந்தவை. எல்லா மாநிலத்தவரும் எல்லா வருவாய்ப் பிரிவினரும் அதிகாரிப் பதவிக்கு வரவேண்டும் என்பது அவற்றின் நோக்கம். முதல் பள்ளி 1961இல் மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் அமைந்தது. தமிழ்நாட்டுக்குரியது 1962 ஜூலை 16 அன்று, உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணையை ஒட்டிய அமராவதிநகரில் தொடங்கியது. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்ததும் அதே ஆண்டில்தான்.

பள்ளிப்பருவ வாயில்கள்

இவை மூன்று வகை. முதலாவது சைனிக் பள்ளி. ஆறாம் வகுப்பில் சேர மார்ச் 31 அன்று வயது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலும், ஒன்பதாம் வகுப்பில் சேர பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் இடையிலும் இருக்க வேண்டும். தேசியத் தேர்வு முகமை அகில இந்திய அளவில் நுழைவுத்தேர்வை நடத்துகிறது. ஆறாம் வகுப்புக்கான 300 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 150, கணிதத்துக்கே; மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஆகியவை மீதியைப் பகிர்ந்துகொள்கின்றன. இடங்களில் 67 விழுக்காடு பள்ளி அமைந்த மாநிலத்து மாணவர்களுக்கு. மாநில அரசு பெற்றோர் வருவாயைப் பொறுத்து உதவித்தொகை அளிக்கிறது.

தமிழ்வழிக் குடும்பங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். ஆர்.ஐ.எம்.சி.யும் என்.டி.ஏ.வும் ஆங்கிலம், இந்தி என்ற இரண்டோடு நிற்கின்றன. எனவே பத்து வயதில் திறக்கும் வாயிலே தமிழ் மட்டும் அறிந்த பிள்ளைக்கு எல்லாவற்றினும் அகலமானது. பத்து வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்புவது கொடுமை என்பாரும் உளர். விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளை பெரும்பாலும் ஓராண்டுக்குள் பழகிவிடும்.

இரண்டாவது ஆர்.ஐ.எம்.சி. பதினொன்றரை வயது நிறைந்து பதின்மூன்று நிறையாதவர், ஏழாம் வகுப்பில் படிப்பவராகவோ முடித்தவராகவோ இருந்தால் எட்டாம் வகுப்பில் சேர விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு இருமுறை நடக்கும் இத்தேர்வைத் தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. சென்னையில் நடத்துகிறது. குரூப் தேர்வுகளுக்காக அந்த ஆணையத்தின் அறிவிப்புகளை விடாமல் பார்க்கும் வீடுகளில்கூட இந்த அறிவிப்பு கண்ணில் படாமல் போவதுண்டு. கணிதம் 200, ஆங்கிலம் 125, பொது அறிவு 75 என 400 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வும், 50 மதிப்பெண்ணுக்கு வாய்மொழித் தேர்வும் உண்டு. மாநிலத்துக்குக் கிடைக்கும் இடம் மிகச் சொற்பம்.

மூன்றாவது ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளிகள். நாட்டில் ஐந்து இருக்கின்றன. நெய்வேலிக்கு அருகில் உள்ளது 1946இல் தொடங்கிய பெங்களூரு பள்ளி.

என்.டி.ஏ. தேர்வு

யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் இத்தேர்வுக்குப் பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதினர் தகுதியுடையோர். கணிதம் 300, பொதுத்திறன் 600 என எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண், எஸ்.எஸ்.பி. தேர்வும் அதே 900. கணிதத்தாளின் பெரும்பகுதி பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடமே. பொறியியல் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ.க்குப் படித்தவர் அதை எளிதில் கடக்கலாம். பொதுத்திறன் தாளில் ஆங்கிலத்துக்கு மட்டும் 200 மதிப்பெண் இருப்பதுதான் பலரைச் சறுக்க வைக்கிறது.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். முதல் நாள் நுண்ணறிவுச் சோதனையும், ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதிக் குழுவாக விவாதிப்பதும். இதில் தேறாதவர் அன்றே ஊர் திரும்ப வேண்டும். அடுத்து உளவியல் சோதனை: பன்னிரண்டு படங்களுக்குக் கதை, அவற்றில் கடைசிப் படம் வெற்றுத்தாள், பதினைந்து விநாடிக்கு ஒன்றாக அறுபது சொற்களுக்கு வாக்கியம், அரைமணி நேரத்தில் அறுபது சூழல்களுக்கு மறுமொழி. பின்னர் மைதானத்தில் கயிறும் பலகையும் கொண்டு குழுவாகத் தடை கடப்பது, தனித்தடைகள், நேர்காணல், இறுதியில் வாரியத்தின் கூட்டம். மூன்று வாரப் பயிற்சியில் இதைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் நிலையங்கள் பல. சோதனையின் வடிவத்தை மட்டுமே அங்கு கற்க முடியும். பதினைந்து விநாடியில் பேனாவுக்கு வரும் வாக்கியம் அந்த இளைஞர் பத்தாண்டுகளாக வாழ்ந்த விதத்திலிருந்து வருவது. அணியில் விளையாடியது, வகுப்பை வழிநடத்தியது, செய்தித்தாள் படித்தது ஆகிய எல்லாம் இங்கேதான் கணக்குக்கு வருகின்றன.

எஸ்.எஸ்.பி.யில் தேறாதவர் மீண்டும் வரலாம். விமானிகளுக்கான கணினிவழித் தேர்வு மட்டும் வாழ்நாளில் ஒரே முறை. மருத்துவச் சோதனையில் தட்டைப் பாதம், முட்டி இடித்தல், நிறக்குருடு, சொத்தைப் பல் ஆகியவை கழிக்கப்படுவதற்குக் காரணமாகின்றன. பல்லும் காதழுக்கும் முன்கூட்டியே சரிசெய்யத்தக்கவை. சேரும் முன் 2.4 கிலோமீட்டரைப் பதினைந்து நிமிடத்தில் ஓடப் பழகியிருக்கும்படி அறிவிக்கையே கூறுகிறது.

நெய்வேலி

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957இல் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். வட்டம் வட்டமாகப் பிரித்து அகலச் சாலைகளும் மரநிழலுமாகக் கட்டப்பட்ட நகரியத்தில் நிறுவனப் பள்ளிகள், ஜவகர் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, பாரதி விளையாட்டரங்கம், ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி எனப் பல வசதிகள் உண்டு. ஓடவும் படிக்கவும் இதைவிட வாய்ப்பான ஊர் மாவட்டத்தில் இல்லை. பல மாநிலத்தவர் கலந்து வாழ்வதால் இந்தியும் ஆங்கிலமும் தெருவிலேயே காதில் விழும்.

சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் காக்கும் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை) வீரர்களின் குடியரசு நாள் அணிவகுப்பே நகரியத்துப் பிள்ளைகள் முதலில் காணும் சீருடைக் காட்சி. அப்படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. அதன் உதவி கமாண்டன்ட் பதவிக்கான யு.பி.எஸ்.சி. தேர்வும் வேறு. அப்படையையும் முப்படைகளையும் குழப்பிக்கொள்வது வழக்கமாக இருக்கிறது.

மாவட்டத்தின் படை வரலாறு நகரியத்தைவிட மிகப் பழையது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையில்தான், எழுத்தராக வந்த ராபர்ட் கிளைவ் 1747இல் கீழ்நிலை அதிகாரியானார். 1748இல் அங்கு வந்திறங்கிய ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கம்பெனிப் படையை ஒழுங்குபடுத்தி, இந்தியப் படையின் தந்தை என்ற பெயர் பெற்றார். கிளைவ் எந்த அகாதெமியிலும் பயின்றவர் அல்லர்.

நகரியத்தில் படிப்பில் முன்னிற்கும் பிள்ளைக்கு வீடு வகுக்கும் வழி பொறியியல் அல்லது மருத்துவம். அந்த வழியிலும் ஒரு படைவாயில் உண்டு: ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு எழுதியவருக்குத் தரைப்படையின் தொழில்நுட்ப நுழைவும், எழிமலையிலுள்ள கடற்படை அகாதெமியின் பி.டெக். நுழைவும் திறந்திருக்கின்றன. இவற்றுக்கு யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லை, நேரே எஸ்.எஸ்.பி. கல்லூரியில் என்.சி.சி. 'சி' சான்றிதழ் பெற்றவர் சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமிக்கும் இதேபோல் எழுத்துத் தேர்வின்றி முயலலாம்.

இன்றைய நிலை

2021-22 முதல் எல்லா சைனிக் பள்ளிகளிலும், 2022 முதல் ஆர்.ஐ.எம்.சி.யிலும் என்.டி.ஏ.விலும் பெண்கள் சேர்க்கப்படுகின்றனர், என்.டி.ஏ.வின் முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்தனர். தனியார் பங்களிப்புடன் புதிய சைனிக் பள்ளிகளும் வருகின்றன. வயது வரம்பு நாள் கணக்கில் பார்க்கப்படுவதாலும் விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதாலும், பிள்ளை நான்காம் வகுப்பில் இருக்கும்போதே பிறப்புச் சான்றிதழை எடுத்துவைத்து அவ்வாண்டு அறிவிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.