கடாரத்துக் கரும்புகை

இராசேந்திர சோழன் வென்று 'கடாரங்கொண்டான்' எனப் பெயர் பூண்ட நாடே இன்றைய கெடா. ரப்பர்த் தோட்டங்களை நம்பி இங்குக் குடியேறிய தமிழருக்குப் புகை புதிதன்று. மரத்தின் பாலை உறையவைத்துத் தகடாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் சில நாள் உலர்த்துவர். தகட்டில் பூஞ்சணம் பிடியாமல் காத்தது அப்புகை. அது கூடத்துக்குள் அடைத்து வேலை வாங்கப்பட்ட புகை. பின்னர் வந்த டீசல் புகையோ அடைப்பாரின்றித் தெருவுக்கு வந்தது.

1915-இல் அலோர் ஸ்டாரை எட்டிய இருப்புப் பாதையில் முதலில் ஓடியவை நீராவி வண்டிகள். 1957 முதல் நெடுந்தொலை வண்டிகளை இழுக்க டீசல் பொறிகள் மலாயா இரயில்வேக்கு வந்தன. 1994-இல் நிறைவுற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து அலோர் ஸ்டார், குருண், சுங்கை பட்டாணி வழியே லாரிகளின் பெருவழியாயிற்று.

டீசல் பொறியில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எண்ணெயைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. எண்ணெய் செறிந்து காற்றுப் போதாத இடங்களில் முழுதும் எரியாத கரி எஞ்சுகிறது. அதன் துகள்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கினும் சிறியவை. ஆகையால் மூச்சோடு நுரையீரலின் அடிவரை செல்ல வல்லவை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் முடிவு கூறிற்று.

மலேசியா 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றியது. அதன்கீழ் 1996-இல் வந்த டீசல் புகை விதிகள், புகையடர்த்தி 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டலாகாது என வரம்பு கட்டின. இவ்விதி நன்மையே செய்தது. ஆயினும் அது புகையின் கருமையை அளந்ததேயன்றிக் கண்ணுக்குப் புலனாகாத நுண்கரியைப் பிடிக்கவில்லை.

பிடிக்கும் கருவி வடிகட்டி. 2000-இல் பிரெஞ்சு நாட்டின் பெஜோ 607 கார் இதனைத் தாங்கி வந்தது. வடிகட்டியின் உள்ளமைப்பு தேன்கூடு போன்றது. அடுத்தடுத்த குழாய்களின் வாய்கள் மாறிமாறி அடைக்கப்பட்டிருப்பதால், புகை நுண்துளைச் சுவரை ஊடுருவியே வெளியேற வேண்டும். கரி உள்ளே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்குச் சுமார் 600 பாகை வெப்பம் தேவை. ஊக்கிப்பொருள் சேர்த்தால் அதனினும் குறைந்த வெப்பம் போதும்.

இங்கேதான் எண்ணெயின் தரம் குறுக்கிடுகிறது. கந்தகம் மிகுந்த எண்ணெய் ஊக்கியைக் கெடுத்துவிடும். மலேசியாவில் முன்பு விற்ற டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம். 2021-இல் கட்டாயமான யூரோ 5 டீசலில் அவ்வரம்பு 10 பங்கே. கருவிக்கு ஏற்ற எண்ணெய் அப்போதுதான் நாடெங்கும் கிட்டியது.

எனினும் தூய எண்ணெய் தானே வடிகட்டி ஆகிவிடாது. வடிகட்டியில்லாப் பழைய லாரியின் கரியைச் சுவாசிப்பவர், அதை ஓட்டுபவரும் பழுதுபார்ப்பவரும் சாலையோரம் குடியிருப்பவருமே. இருப்புப் பாதையில் 2015 முதல் மின்சார வண்டிகள் பாடாங் பெசார் வரை செல்கின்றன. சாலைக்கு அத்தகைய விடிவு இன்னும் முழுமையாக வரவில்லை. வெளியேறிய புகையைத் துரத்திப் பிடிக்க இயலாது. பிறக்கும் இடத்திலேயே அதனை அடக்க வேண்டும் என்பது புகைக்கூடம் கண்ட கெடாத் தமிழருக்குப் புரியாத பாடமன்று.