நந்தன் வேடமும் நந்தன் மக்களும்

திருப்பெரும்புதூரும் ஒரகடமும் ஆலைகளால் நிறைந்துவிட்ட இந்நாளில், பழைய இசை நாடக மேடையைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. பிரிந்து கிடந்த மக்கள் ஒன்றாய் நின்று தொழில் செய்த இடங்களுள் அந்த மேடையும் ஒன்று. அங்கே கலந்தவர்கள் கீழே இறங்கிய பிறகும் கலந்தனரா? அதுவே நம் வினா.

செங்கோட்டைக் கிட்டப்பா பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். கொடுமுடி சுந்தராம்பாள் அக்குலத்தவர் அல்லர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர்தம் குரல்கள் இணைந்தன. 1927இல் வாழ்வும் இணைந்தது. வேலன் குறமகளை மணந்தான் என்றால் ஊரே கைதட்டும். ஊரான் ஒருவன் சேரிப்பெண்ணை மணந்தால்? கை தட்டுமா, கை ஓங்குமா?

1935இல் 'நந்தனார்' கதை திரைக்கு வந்தது. நந்தனாக நடித்தவர் சுந்தராம்பாள். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! பண்ணை வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். அந்த வேதியர் பெரிய புராணத்தில் இல்லாதவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் படைத்தவர். ஆண்டை அடிமையின் காலில் விழும் காட்சி அதனால் கிடைத்தது. ஆனால் தீ அணையவில்லை. தீயில் மூழ்கிய பிறகே நந்தனுக்குத் தில்லை திறந்தது.

1942இல் மீண்டும் படமானபோது, நந்தனாகப் பாடியவர் தண்டபாணி தேசிகர். இருவரும் இசை வானின் சுடர்கள், ஐயமில்லை. இருவரும் சேரியில் பிறந்தவர் அல்லர், அதிலும் ஐயமில்லை. நந்தன் வேடம் நாடெங்கும் உலவிய 1935இல், மதுரைக் கோயிலுக்குள் நந்தன் மக்கள் நுழைய முடியாது. 1939 சூலை 8இல்தான் அக்கதவு திறந்தது.

கடல் கடந்தும் இக்கதையே. 1927இல் நியூயார்க்கில் 'ஷோ போட்' இசை நாடகம் வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. எனினும், அதில் வரும் கறுப்புச் சமையற்காரியாக நடித்தவர் முகத்தில் கரி பூசிய வெள்ளைப் பெண்மணி! 1935இல் கறுப்புக் கலைஞர்கள் நடித்த 'போர்கி அண்ட் பெஸ்' அரங்கேறியது. மறு ஆண்டு அந்நாடகம் வாஷிங்டன் நேஷனல் அரங்குக்குச் சென்றது. அங்கே கறுப்பர் நடிக்கலாம், அமர்ந்து பார்க்கலாகாது! தலைமை நடிகர் டாட் டங்கன், "எம்மக்கள் அமர இயலாத அரங்கில் நாம் பாடோம்" என்ற நிலையில் உறுதியாய் நின்றார். அரங்கு பணிந்தது. நாடகம் முடிந்ததும் பழைய தடை திரும்பியது. பின்னர் நடிகர் சங்கமே நடிக்க மறுத்தது. தடையை நீக்க மனமின்றி, 1948இல் நாடகத்தையே கைவிட்டுப் படக்கொட்டகையானது அவ்வரங்கு. 1952இல்தான் எல்லோருக்கும் இடந்தந்து மீண்டும் நாடக அரங்காயிற்று.

கதவைத் திறந்தது கைதட்டலா? அன்று, கலைஞர்களின் மறுப்பு!

இன்று நம் வட்டாரத்து ஆலைகளில் எல்லாச் சாதி இளைஞரும் ஒரே சீருடையில், ஒரே பொறி வரிசையில் நிற்கின்றனர். ஒரே கூடத்தில் உண்கின்றனர். நல்ல காட்சி. ஆனால் சீருடையும் ஒரு வேடமே, அதைக் களைந்து வீடு திரும்புகையில் ஊர் வேறு, சேரி வேறு என்றிருக்குமாயின்! "என் தோழன் அமர இயலாத திண்ணையில் நானும் அமரேன்" என்று சொல்ல அவ்விளைஞர்களுள் எத்தனை பேர் முன்வருவர்? அந்த எண்ணிக்கையே நம் முன்னேற்றத்தின் அளவுகோல்.