மேலிருந்து பார்க்கும் கண்: சூறாவளியும் செய்மதிப் படங்களும்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வாய்வழி வரலாற்றில் ஆண்டுக்கணக்கு இரண்டாகப் பிரியும். "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்றே எங்கள் மூத்தவர்கள் பேசுவார்கள். 1978 நவம்பர் 23 ஒரு வியாழக்கிழமை. எங்கள் வழக்கில் அன்றிரவு வெள்ளி ராவு. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டு வாரமும் ஆகியிருக்கவில்லை. அந்த இரவில்தான் மட்டக்களப்புக் கரையைச் சூறாவளி தாக்கியது. ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் போயின. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை என்று கரையோர ஊர்களில் கூரைகள் பறந்தன, தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன.

அந்த இரவைப் பற்றி நான் கேட்ட வாக்குமூலங்களில் ஒன்று மறக்க முடியாதது. "காத்து ஒருக்கா அப்படியே நிண்டிச்சு மகன். முடிஞ்சிட்டு எண்டுதான் வெளிய வந்த. பொறகு மத்தப் பக்கத்தால அடிச்சிச்சே, அதுதான் பெரிய காத்து" என்றார் ஒரு முதியவர். சூறாவளியின் கண் தலைக்கு மேலே கடந்து போனதைத்தான் அவர் சொன்னார். கீழே நின்றவருக்கு அது கண் என்று தெரியாது. மேலேயிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

கடலையும் காற்றையும் அறியாதவர்கள் அல்லர் நம்மவர்கள். ஆங்கிலத்தில் பருவக்காற்றுக்கு வழங்கும் 'மொன்சூன்' என்ற சொல்லே பருவம் எனப் பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. 15ஆம் நூற்றாண்டின் பெரும் மாலுமியான இப்னு மாஜித், இந்து சமுத்திரத்தில் எந்தக் காலத்தில் பாய் விரிக்கலாம் என்பதை விரிவாக எழுதிவைத்தார். எங்கள் மீனவர்களுக்கும் கச்சான், வாடை, சோழகம் என ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயருண்டு. ஆனால் இவை பருவத்தின் அறிவு. பல நூறு மைல்களுக்கு அப்பால் வங்காள விரிகுடாவில் இன்று உருவாகும் சுழலைக் கரையில் நிற்பவன் காண வழியில்லை.

அந்த வழியை முன்கூட்டிச் சிந்தித்தவர்களில் ஒருவர் பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆதர் சி. கிளார்க். 1954இல் அமெரிக்க வானிலைப் பணியகத்தின் ஹரி வெக்ஸ்லருக்கு அவர் எழுதிய கடிதத்தில், செய்மதிகளை வானிலைக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை முன்வைத்தார். 1960 ஏப்ரல் 1ஆம் திகதி 'டைரோஸ்-1' ஏவப்பட்டது. 78 நாட்களே இயங்கிய அது ஆயிரக்கணக்கான முகிற்படங்களை அனுப்பியது. 1963 டிசம்பரில் ஏவப்பட்ட டைரோஸ்-8 இன்னொரு கதவைத் திறந்தது. தலைக்கு மேலே கடந்து செல்லும்போதே அது படத்தை வானொலி அலையில் ஒலிபரப்பியது. எளிய அன்ரனா ஒன்றும் ஏற்ற வாங்கியும் இருந்தால் எந்த நாடும் அதைப் பெறலாம்.

ஆகவே 1978இல் உலகுக்கு மேலே கண் இருக்கவே செய்தது. ஆனால் துருவங்களைச் சுற்றும் அந்தச் செய்மதிகள் ஓரிடத்தை நாளுக்குச் சில தடவைகளே பார்த்துச் செல்லும். ஒரே இடத்தில் நின்று இடைவிடாது பார்ப்பவற்றை ஜப்பானும் ஐரோப்பாவும் 1977இல் தத்தம் பகுதிகளுக்கு மேலே நிறுத்திக்கொண்டன. இந்தியாவின் இன்சாட்-1பி 1983இல்தான் ஏவப்பட்டது. அதோடு, படம் ஓர் அலுவலகத்தின் மேசைக்கு வருவது வேறு, செய்தி ஓலைக் குடிசைக்கு வந்து சேருவது வேறு. இந்த இரண்டாவது தூரத்தை நமது வரலாற்றெழுத்து போதியளவு கவனிக்கவில்லை என்பதே என் எண்ணம்.

இன்று முதலாவது தூரம் அநேகமாக அழிந்துவிட்டது. 36,000 கிலோமீற்றர் உயரத்தில், கிழக்கு நெடுங்கோடு 82 பாகையில் இந்தியா ஒரு செய்மதியை நிறுத்தியிருக்கிறது. மட்டக்களப்பின் நெடுங்கோடும் கிட்டத்தட்ட அதுவே. ஐரோப்பாவின் மீற்றியோசற்-9 பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படமும், ஜப்பானின் ஹிமாவாரி-9 பத்து நிமிடத்துக்கு ஒரு படமும் எடுக்கின்றன. ஹிமாவாரிக்கு நாம் மேற்கு ஓரத்தில், சரிவாகத்தான் தெரிவோம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு 'புரேவி' திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, அதன் சுழலைக் கைத்தொலைபேசியிலே பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். 1978இல் கட்டிலுக்கடியில் பதுங்கிக் கலிமாச் சொன்னவர்களுக்குக் கிடைக்காத காட்சி அது.

ஆனாலும் பார்ப்பது வேறு, வாசிப்பது வேறு. படத்தின் மூலையில் இருக்கும் நேரம் பெரும்பாலும் சர்வதேச நேரம். அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். 'நேரடிப் படம்' என்பதும் எடுத்த சில நிமிடங்களுக்குப் பிறகே நம் கைக்கு வருகிறது. கட்புலப் படம் மஃரிபோடு இருண்டுவிடும். இரவில் உதவுவது அகச்சிவப்புப் படம். அது முகில் உச்சியின் வெப்பநிலையைக் காட்டுகிறது. வெண்மையாயிருந்தால் உச்சி குளிரானது, உயரமானது என்றுதான் பொருள். அதன் கீழே மழை கொட்டியே தீரும் என்பதல்ல. தாழ்ந்த முகிலிலிருந்து பெய்யும் மழை அதில் எடுபடாமலும் போகலாம். சிவப்பும் ஊதாவும் பிறகு பூசப்பட்ட நிறங்கள். முகிலின் வடிவத்தைக்கொண்டு சூறாவளியின் வலிமையை மதிப்பிடும் முறையை 1970களில் வேர்னன் டிவோராக் வகுத்தார். அது பயிற்சி பெற்றோரின் வேலை.

பழைய படமொன்றைத் திகதியை வெட்டிவிட்டு வட்ஸ்அப்பில் போட்டால் ஊரே கலங்கிப்போகிறது. இன்னொரு பக்கம், "நான் பார்த்தேன், ஒண்டுமில்ல" என்று படகை இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. படம் எச்சரிக்கை ஆகாது. அதை எச்சரிக்கையாக்குவது வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடமை. அந்த எச்சரிக்கையைக் கடைசி வீடுவரை கொண்டுபோவதில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு இன்றும் ஈடில்லை.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1978 சூறாவளி வந்த பாதையை விஞ்ஞானிகள் வரைபடத்தில் கோடாக வரைந்து வைத்திருக்கிறார்கள். காற்று எந்த ஊரில் எவ்வளவு நேரம் நின்றது, பிறகு எந்தப் பக்கத்தால் அடித்தது, யார் எந்தக் கூரையின் கீழ் மௌத்தானார்கள் என்பவை அந்தக் கோட்டில் இல்லை. அவை அன்று இளைஞர்களாயிருந்தவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்களுக்கு இப்போது எழுபது வயதாகிறது. ஊர் ஊராகப் போய், அவர்கள் சொல்வதை நேரத்தோடும் இடத்தோடும் இப்போதே பதிந்துவைக்க வேண்டும்.