ஆவாரையும் எருக்கும் அணுவின் அடுக்கும்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை நாளும் காணும் கம்மாபுரம் வட்டாரத்தார்க்குக் கரி புதிதன்று. ஆயினும் கரிமம் என்னும் அத்தனிமமே வைரமாகவும் பென்சில் முனையாகவும் வேறுபடுவது அணுக்களின் அடுக்குமுறையால்தான். அவ்வடுக்கு ஏடுபோல் விரிந்து குழலாகச் சுருளின் கரிம நுண்குழல் தோன்றும். அதன் குறுக்களவை நானோமீட்டரில் கணக்கிடுவர். மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு அது. (நானோ என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்; 'மீநுண்' எனல் நம் செவிக்கு இனிது.) 1991இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா இக்குழல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழி விளக்கிய பின்னரே உலகம் இவற்றின்மேல் கருத்தூன்றியது.

ஆனால் குழல்கள் அதற்கு முன்னரே இருந்தன. 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளொன்றில் அவற்றின் எச்சங்களைக் கண்டதாக ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்துப் பீட்டர் பாஃப்லர் குழுவினர் 2006இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். இத்தகைய வாள்களுக்கு மூலமான உருக்கைத் தென்னாடு கடல் கடந்து அனுப்பி வந்தது. கொடுமணல் அகழாய்வு இரும்புத் தொழிலின் தொன்மையைக் காட்டும். அன்றைய தென்னார்க்காட்டு மேல்சிறுவள்ளூரில் உருக்குக் குகைகளின் எச்சங்களைச் சாரதா சீனிவாசன் 1994இல் வெளிப்படுத்தினார்.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத் துரை, குகைக்குள் இரும்போடு ஆவாரங் கட்டையும் எருக்கிலையும் இட்டு மூடிக் காய்ச்சுவதைப் பதிவு செய்துள்ளார். வழியோரச் செடிகளே இரும்புக்குக் கரிமம் ஊட்டின. பாஃப்லர் குழுவினரும் இச்செடிகளையும் தாதுவின் சிறு கலப்புகளையும் சுட்டியே நுண்குழலின் தோற்றத்தை விளக்க முயன்றனர்.

2020இல் கீழடிப் பானை ஓட்டின் கரும்பூச்சிலும் நுண்குழல்கள் இருப்பதாக வேலூர் ஆய்வாளர் எழுதினர். உடனே 'பண்டைத் தமிழர் நானோ அறிவியலர்' என்ற முழக்கம் எழுந்தது. அது வரலாறாகாது. கொல்லனோ குயவனோ குழலைக் கண்டவரல்லர். குறிப்பிட்ட வாளை நம்மூர் உலையோடு நேரே பிணைப்பதும் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. எனினும் நெருப்பின் பதத்தைத் தலைமுறைகளாகக் காத்த கைத்திறன் அறிவன்று என்பாரும் பிழை செய்வர். வேதியியல் படிக்காத அவர் கை, வேதியியலறிஞர் கைக்கு எளிதில் வராத உருக்கை வார்த்தது.

மைக்கேல் ஃபாரடேயே இவ்வுருக்கின் மறையை அறிய முனைந்து 1819இல் அதனைப் பகுத்தாராய்ந்தார். அவரே 1857இல், மிக நுண்ணிய பொற்றுகள் நீரில் மிதக்கையில் செந்நிறம் காட்டுவதை விளக்கினார். அளவு குறுகப் பண்பு மாறும் என்னும் மீநுண் இயற்பியலுக்கு அதுவே தொடக்கம் என்பர்.

கரிமக் குழலிலோ சுருளும் கோணமே பண்பை வகுக்கும்: ஒரு கோணத்தில் உலோகம், மற்றொன்றில் குறைகடத்தி. குறைகடத்திக் குழலைக்கொண்டு 1998இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் டிரான்சிஸ்டர் ஆக்கினர். 2013இல் ஸ்டான்ஃபோர்டில் 178 டிரான்சிஸ்டர்கள் கொண்ட குழற்கணினி இயங்கிற்று. ஒரே உலையில் கலந்து பிறக்கும் இருவகைக் குழல்களையும் பிரித்தெடுப்பதே அவர்க்குப் பெருந்தொல்லையாயிற்று. எஞ்சிய உலோகக் குழல்களை மின்னோட்டம் பாய்ச்சி எரித்தே நீக்கினர்.