திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் பணியாளரின் நோய்க்கால உரிமையும்: மருத்துவம், ஊதிய இழப்பு, மேல்முறையீடு

ஆய்வுச்சுருக்கம்

வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, கோயிற் பணியாளர்க்கும் மாணவர்க்கும் நடத்தப்பெற்ற மருத்துவமனையின் செலவினங்களை விரிவாகப் பதிவு செய்கிறது. மருத்துவம் பெறும் உரிமையும் நோயினாலோ ஊனத்தினாலோ இழக்கும் வருவாய்க்கு ஈடு பெறும் உரிமையும் வெவ்வேறானவை என்பதை அக்கல்வெட்டின் கணக்குகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு அதனை ஒப்பிட்டும் நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆதுலர்சாலை, நிபந்தம், காணி, இழப்பீடு, ஊனம், மேல்முறையீடு.

முன்னுரை

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். உத்திரமேரூர் வட்டாரத்தைச் சேர்ந்த இவ்வூரின் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திரனின் (ஆட்சி கி.பி. 1063–1070) நெடிய கல்வெட்டை, கே.வி. சுப்பிரமணிய ஐயர் ‘எபிகிராபியா இண்டிகா’வின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். அதன்பின் தமிழக மருத்துவ வரலாறு எழுதியோர் அனைவரும் இக்கல்வெட்டைச் சுட்டத் தவறவில்லை. ‘பதினைந்து படுக்கைகள் கொண்ட சோழர் காலப் பொது மருத்துவமனை’ என்ற தொடர் பாடநூல்களிலும் மேடைகளிலும் நிலைபெற்றுவிட்டது.

இத்தொடரில் இரண்டு திருத்தங்கள் தேவை. ஒன்று, பதினைந்து என்பது நோயுற்றுக் கிடப்போர்க்கான அரிசிக் கணக்கில் வரும் எண். கட்டில்களின் எண்ணிக்கையாக அதனைக் கொள்வது பிற்கால வழக்கு. மற்றொன்று இன்றியமையாதது. இது ஊரார் அனைவர்க்கும் திறந்திருந்த சாலை அன்று. கோயிலைச் சார்ந்து பயின்ற மாணவர்க்கும் கோயிலில் பணிசெய்தோர்க்கும் உரியது. ஆகவே இதனைத் தன் பணியாளர்க்கு ஒரு நிறுவனம் நடத்திய மருத்துவ ஏற்பாடாகக் காண்பதே பொருந்தும். அவ்வாறு காணும்போது, இதுவரை பெரிதும் கேட்கப்படாத ஒரு வினா எழுகிறது: நோயுற்ற பணியாளனுக்கு மருந்து கிடைத்தது, அவன் ஊதியம் என்னவாயிற்று?

கல்வெட்டின் கணக்கு

வயலைக்காவூரின் வருவாய் கோயிலுக்குத் தேவதானமாக்கப்பட்டு, அதிலிருந்து வழிபாடு, சனநாத மண்டபத்தில் நிகழ்ந்த கல்வி, மாணவர் உணவு, மருத்துவமனை ஆகியவற்றிற்கு நிபந்தங்கள் வகுக்கப்பட்டன. மருத்துவமனைக்கு ‘வீரசோழன்’ என்பது பெயர். அதன் மருத்துவர் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். ஆண்டொன்றுக்கு அவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஒதுக்கப்பட்டன. சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம் செய்வோனுக்கு 30 கலம். மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து அடும் பணியில் உதவிய ஆடவர் இருவர்க்கு 60 கலமும் 2 காசும். நோயாளரைப் பேணி மருந்தடும் பெண்கள் இருவர்க்கு 30 கலமும் 1 காசும். நாவிதனுக்கு 15 கலம். தண்ணீர் வைப்போனுக்கு 15 கலம்.

ஆண்டுக்கு 360 நாள், கலத்துக்கு 12 குறுணி, குறுணிக்கு 8 நாழி என்ற அக்கால அளவைகளின்படி இவற்றை நாட்கூலியாக மாற்றினால் ஓர் ஒழுங்கு புலப்படும். மருத்துவருக்கு நாளொன்றுக்கு 3 குறுணி. அறுவை மருத்துவனுக்கு 1 குறுணி. மூலிகை கொணர்வோர்க்கு ஆளுக்கு 1 குறுணி. மருந்தடும் பெண்களுக்கு ஆளுக்கு 4 நாழி. மூலிகை கொணர்வோன் பெற்ற ஒரு காசு, கத்தி பிடித்தவனுக்கு இல்லை. சோழர் கால மருத்துவ அறுவையின் சிறப்பைப் பேசும் நூல்கள் இவ்வேறுபாட்டின் மீது சற்று நின்றிருக்கலாம். கட்டடப் பணியிலும் மடைப்பள்ளியிலும் உடல் வருந்துவோர்க்கு நேரும் வெட்டு, முறிவு, தீப்புண் ஆகியவற்றிற்கு முதலில் நாட வேண்டியவன் அவனே. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கப் பணிக்கப்பட்ட ஏறத்தாழ இருபது மருந்துகளின் பட்டியலும் இதே திசையைக் காட்டுகிறது. வாசா அரிதகி, கோமூத்திர அரிதகி, தசமூல அரிதகி, வில்வாதி நெய், கல்யாண லவணம், பலவகைத் தைலங்கள் எனப் பெரும்பாலும் இருமல், வயிற்று நோய், வாத நோய் ஆகியவற்றிற்குரியவையே அதில் மிகுதி. பணியிடத்துக் காயங்களை விட உடலில் இயல்பாகத் தோன்றும் பிணிகளையே நிபந்தம் வகுத்தோர் மனத்தில் கொண்டனர் எனலாம்.

நோயாளர்க்கு ஆளுக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு. ஏலமும் இலாமிச்சையும் இட்டு மணமூட்டிய நீரும் இந்நிபந்தங்களுள் இடம்பெறுகிறது. பதினைவர்க்கு ஆண்டுக்கு 5,400 நாழி, அதாவது 56¼ கலம் அரிசி. மருத்துவமனைப் பணியாளரின் மொத்த நெல் 240 கலம், காசு 11. இவை எவருடைய இரக்கத்தையும் நம்பி விடப்படாமல், ஊர் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் முதலில் எடுத்து வைக்கப்படும் செலவாக வகுக்கப்பட்டமையே இக்கல்வெட்டின் உண்மையான சாதனை.

ஒரு நாழி அரிசியும் நான்கு நாழி நெல்லும்

மருந்தடும் பெண் ஒருத்தியே நோயுற்று அச்சாலையில் கிடந்தாள் எனக் கொள்வோம். அவளுடைய நாட்கூலியான 4 நாழி நெல்லை, சோழர் கல்வெட்டுகளில் வழங்கும் ஐந்துக்கு இரண்டு என்னும் விகிதத்தில் அரிசியாக்கினால் 1.6 நாழி வரும். நோயாளி என்ற முறையில் அவள் பெறுவது ஒரு நாழி. அவள் உண்ணும் அளவுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஒரு நாழி சாலைக்குள் அவள் இலையில் விழுவது. கூலி நெல்லோ வீட்டுக்குச் செல்வது. அவள் கிடந்த நாட்களில் கூலி நெல் தொடர்ந்ததா, அவளிடத்தில் பணி செய்தவளுக்குப் போயிற்றா என்பதற்கு மருத்துவமனை குறித்த பகுதியில் விதி இல்லை. நோய் நீங்கியும் கை வழங்காமற் போனவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கும் விதி இல்லை.

இவ்விடத்தில் தஞ்சை இராசராசேச்சரக் கல்வெட்டு துணை செய்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு வீடும், ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கிய இராசராசன், பங்கு பெற்ற பணியாளர் இறந்தாலோ வேற்றுநாடு சென்றாலோ செய்ய வேண்டுவதையும் வகுத்தான். அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும்; அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரைக் கொண்டு பணி செய்வித்துத் தாம் நெல்லைப் பெறலாம்; உறவினரே இல்லையெனின் எஞ்சிய பணியாளர் தக்கவரைத் தெரிவு செய்யலாம். இங்கே பணியும் பங்கும் பிரித்தறியப்படுகின்றன. பணி செய்யும் உடல் ஒன்றாகவும் பயன்பெறும் குடும்பம் வேறாகவும் இருக்கலாம் என ஏற்கப்படுகிறது. ஊனமுற்ற பணியாளர் மாற்றாள் வைத்துப் பங்கைக் காத்துக்கொள்ள இவ்விதியை நீட்டிப் பொருள் கொள்ள இடமுண்டு. எனினும் விதி இறப்பையும் நாடு நீங்கலையும் மட்டுமே சுட்டுகிறது, ஊனத்தைச் சொல்லவில்லை.

காணி உரிமையின் காப்பு, காணி உடையோரோடு நின்றுவிடும் என்பதையும் மறத்தலாகாது. மருத்துவக்காணி பெற்ற குடும்பத்துக்கு இருந்த பிடிப்பு, தண்ணீர் சுமந்தவனுக்கு இருந்ததென எளிதில் கருதிவிட முடியாது. அதிகாரிகள் கோயிற் கணக்குகளை ஆராய்ந்த செய்திகள் சோழர் கல்வெட்டுகளில் பல உண்டு. அவற்றில் விசாரணைக்குரிய குறையாக எழுவது பெரும்பாலும் இறைவனுக்கு உரியது குறைந்தமையே. பணியாளனுக்கு உரியது குறைந்தமை அன்று. திருமுக்கூடலில் நோயை அறிபவர், மருந்து தருபவர், நலமடைந்தான் எனத் தீர்மானிப்பவர் ஆகிய மூவரும் ஒருவரே. அவருக்கு நெல் அளப்பதும் பணியாளனுக்கு நெல் அளப்பதும் ஒரே பண்டாரம்.

1923ஆம் ஆண்டுச் சட்டம்: தலைகீழான ஏற்பாடு

காலத்தால் இத்துணை விலகிய இரண்டை ஒப்பிடுவதில் இடர்ப்பாடு உண்டு. ஆயினும் ஒரு முரண் கவனத்திற்குரியது. 1924 சூலை முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், திருமுக்கூடல் சொல்லாமல் விட்டதைச் சொன்னது. திருமுக்கூடல் சொன்னதை விட்டுவிட்டது. இழந்த உறுப்புக்கு அது விழுக்காடு வகுத்தது. முதல் அட்டவணையின்படி கட்டைவிரல் இழப்பு 30 விழுக்காடு, சுட்டுவிரல் முழுமையும் இழந்தால் 14. ஆனால் காயத்துக்குச் செய்த மருத்துவச் செலவை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்ற விதி, 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 4(2அ) பிரிவாகச் சேர்ந்தது. ஏறத்தாழ 86 ஆண்டுகள், விரலுக்கு விலை இருந்தது, மருந்துக்கு இல்லை.

மருத்துவர் இச்சட்டத்தில் குணப்படுத்துபவராக அன்றிச் சான்றுரைப்பவராகவே பெரிதும் வருகிறார். விபத்து அறிவிப்புப் பெற்ற மூன்று நாட்களுக்குள் முதலாளி கட்டணமின்றி மருத்துவச் சோதனைக்கு அழைத்தால் தொழிலாளி உட்பட வேண்டும். தக்க காரணமின்றி மறுத்தால் அதுகாறும் அவன் உரிமை நிறுத்தி வைக்கப்படும். மருத்துவர் அறிவுரையைப் புறக்கணித்ததால் காயம் முற்றியது என மெய்ப்பிக்கப்பட்டால், முறையாக மருத்துவம் பெற்றிருந்தால் எஞ்சியிருக்கக்கூடிய ஊனத்துக்கு மட்டுமே ஈடு. மருத்துவச் செலவைத் தராத சட்டம், மருத்துவம் பெறாமையைத் தொழிலாளியின் கணக்கில் எழுதியது.

அட்டவணையில் அடங்காத காயங்களுக்கு வருவாய் ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும். உடல் ஊனமும் தொழில் ஊனமும் ஒன்றல்ல என்பதை நால்வர் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 1975 இறுதியில் தெளிவாக்கியது. தச்சு வேலை ஒரு கையால் ஆகாது; எனவே அவரது இழப்பு முழுமையானது என்றது அத்தீர்ப்பு. ஆயினும் இத்தகைய வாதங்கள் மேல்மன்றம் செல்லும் வழி குறுகலானது. 30ஆம் பிரிவின்படி, ஆணையரின் தீர்ப்புக்கு எதிராக உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யச் சட்டம் சார்ந்த முக்கிய வினா இருந்தாக வேண்டும். முதலாளி மேல்முறையீடு செய்தால் தீர்ப்பளித்த தொகையை முன்னரே செலுத்திச் சான்று பெற வேண்டும் என்பது தொழிலாளிக்குச் சாதகமானது. ஆனால் மருத்துவரின் விழுக்காடு பிழையென நினைக்கும் தொழிலாளிக்கு, அது உண்மை நிலை பற்றிய வினாவாகவே எஞ்சி, ஆணையர் முன்னிலையிலேயே முடிந்துபோகும்.

மருத்துவத்தையும் வருவாய் இழப்பையும் ஒருசேரக் கையாண்டது 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமே. மருத்துவமனை, நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு, ஊன உதவித்தொகை ஆகியன அதில் அடங்கும். ஊனத்தின் அளவை மருத்துவக் குழு தீர்மானிக்கும். அதனை ஏற்காதவர் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ நேரே காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ செல்லலாம். மருத்துவரின் மதிப்பீடே மேல்முறையீட்டுக்கு உரியது என்ற கருத்து இங்கேதான் நிறுவன வடிவம் பெறுகிறது.

திருமுக்கூடலைச் சுற்றி இன்று கல்குவாரிகளும் கல் அரைக்கும் ஆலைகளும் இயங்குகின்றன. சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கத்தை, 2025 வரை நடைமுறையில் இருந்த காப்பீட்டுச் சட்டம் ‘தொழிற்சாலை’ என்ற வரையறையிலிருந்து விலக்கியிருந்தது, குவாரியும் சுரங்கமே. எனவே அச்சட்டத்தின்கீழ், பத்துப்பேர் வேலை செய்யும் அரைவை ஆலையில் கட்டைவிரலை இழந்தவர் காப்பீட்டு மருத்துவமனைக்கும் மருத்துவக் குழுவுக்கும் சென்றிருப்பார். அந்த ஆலைக்குக் கல் உடைத்து அனுப்பும் குவாரியில் அதே விரலை இழந்தவர், தாம் சேர்த்து வைத்த மருத்துவச் செலவுச் சீட்டுகளுடன் இழப்பீட்டு ஆணையர் அலுவலகத்துக்குச் சென்றிருப்பார். இரு சட்டங்களின் அட்டவணையிலும் அவ்விரலுக்கு எழுதப்பட்டிருந்த விழுக்காடு முப்பதே.